கிளெனிஸின் 'ஏன்' வரிகள்

கிளெனிஸ் பர்ட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும், அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். குளிருக்காக அல்ல. தெற்குக் கடலோர ஊரான எங்கள் கெட்டரிங்கில் குளிருக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம். எங்கள் அலுவலகம் படகுச் சாமான் விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது, ஹீட்டர் பேருக்குத்தான் ஓடும். ஆனால் அவள் கைகளை அடக்கி வைத்த காரணம், நாம் தப்பான இடத்தில் அமுக்கப் போகும்போது தன் விரல் நீண்டு திரையைக் காட்டிவிடக் கூடாது என்பது.

நாங்கள் செய்தது ஒரே ஒரு மென்பொருள். கடலில் ஒரு ஆள் காணாமல் போனால், கடைசியாக எங்கே பார்த்தார்கள், காற்று எப்படி, நீரோட்டம் எப்படி, அவன் எதில் இருந்தான் என்று எண்களைப் போட்டால், இந்த இடத்தில் போய்த் தேடு என்று வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். கடல் மீட்புத் தொண்டர்களின் மேசைகளில் இருக்கும் சாதாரணக் கணினிகளில் ஓட வேண்டியது. அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு, நாங்கள் மிதவைக் கணக்கு என்றுதான் சொல்வோம். நிரல் எழுதியவன் கிளெனிஸின் கணவன் வாரிக். கிளெனிஸ் எழுதியது செட்டப் பக்கம். அதாவது, ஒன்றும் தெரியாத ஒரு ஆள் வெறும் கணினியை எடுத்து, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரை நிறுவி, எந்தக் கோப்பை எங்கே வைத்து, எந்த அமைப்பை எப்படி மாற்றினால், வாரிக் எழுதியது ஓடக்கூடிய மென்பொருளாக பில்டு ஆகி வரும் என்று படிப்படியாகச் சொல்லும் பக்கம்.

இதை ஒரு வேலை என்றே நிரல் எழுதுகிறவர்கள் நினைப்பதில்லை. சட்டைக் காலரில் துவைக்கும் முறை எழுதி ஒட்டுவது போல நினைப்பார்கள். அவர்களை அப்படியே ஒரு புதுக் கணினி முன்னால் உட்கார வைத்து, எங்கே, உன் மென்பொருளை நீயே பில்டு பண்ணு பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிளெனிஸ் ஒவ்வொரு முறையும் ஒரு கணினியைச் சுத்தமாக அழித்துவிட்டு, அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்க்காத ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைப்பாள். அந்த ஆள் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்க வேண்டும், படித்ததை மட்டும் செய்ய வேண்டும். எழுதியவள் வாய் திறக்கக் கூடாது. பக்கத்துக்கு வாய் கிடையாது, அதனால் எனக்கும் கிடையாது என்பாள். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு படிக்கும் கீழே 'ஏன்' என்று ஆரம்பிக்கும் ஒரு வரி இருக்கும்.

"ஏன்னு எழுதாத படிய அடுத்த ஆளு தாண்டிப் போயிருவான், நெவில். நீயே தாண்டுவ."

தாண்டினேன். முதல் முறை நான் உட்கார்ந்தபோது, பயனர் கணக்குக்கு ஒரே சொல்லில் பெயர் வை என்றிருந்தது. அப்போது அந்தப் படிக்கு 'ஏன்' கிடையாது. அப்பா அம்மா வைத்த பெயரை எதற்கு வெட்ட வேண்டும் என்று நெவில் போர்ட்டர் என்று முழுசாக வைத்தேன். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்ததும் கம்பைலர் நெவிலோடு நின்றுவிட்டது, போர்ட்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பக்கம் பக்கமாகப் பிழை கொட்டியது. கிளெனிஸ் கைமேல் உட்கார்ந்தபடி மத்தியானம் பூராவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள். மறுநாள் அந்தப் படிக்குக் கீழே வரி வந்துவிட்டது. ஏன்: இடைவெளி இருந்தால் கம்பைலர் பாதிப் பெயரோடு நின்றுவிடும்; நெவிலைக் கேட்கவும்.

வாரிக் இதற்கு நேர் எதிர். எதையும் எழுதி வைக்க மாட்டான்.

"என் மெஷின்ல ஓடுதே, அப்புறம் என்ன?"

"உன் மெஷினைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மீட்பு நிலையமா நீ போவியா?"

"போறேன். போற இடத்துலயெல்லாம் டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும். இங்க கிடைக்கிறதே இல்ல."

அதற்காகவே ஒன்று செய்தான். பில்டு நல்லபடியாக முடிந்தால் அவன் கணினி அவன் குரலிலேயே சொல்லும்: "முடிஞ்சுது. கெட்டிலப் போடு, கிளென்." நாள் தவறாமல் சாயங்காலம் நாலு மணிக்கு அது தானாகவே பில்டு செய்யும்படி வைத்திருந்தான். கிளெனிஸ் பதிலுக்குச் சொல்வது இங்கே எழுதக்கூடியதல்ல. ஆனால் எழுந்து போய் கெட்டிலைப் போடுவாள்.

ஒரு மார்ச் மாதம் வாரிக் எங்கள் ஊருக்கு எதிரே உள்ள புரூனித் தீவின் அட்வென்ச்சர் விரிகுடாவிலிருந்து தனியாகச் சின்னப் படகில் மீன் பிடிக்கப் போனான். தென்மேற்குக் காற்று சொல்லாமல் கொள்ளாமல் எழுந்தது. பாறை முனையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் பார்த்திருக்கிறார், படகு கவிழ்ந்து கிடக்கிறது, ஒரு ஆள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறான். அவர் போன் செய்து முடிப்பதற்குள் மழை வந்து கடலை மறைத்துவிட்டது.

மீட்பு மேசையில் அன்று இருந்தவன் ஆல்பி நிக்கல்ஸ். தோணித்துறையில் கயிறு கட்டும் வேலை பார்த்தவன், வாரிக்கின் சிநேகிதன். வாரிக் எழுதிய மிதவைக் கணக்கில் வாரிக்குக்கான எண்களைப் போட்டான். எதில் இருந்தான் என்ற இடத்தில், கவிழ்ந்த சிறுபடகைப் பிடித்திருக்கும் ஆள் என்பதைத் தேர்ந்தெடுத்தான். எங்களுக்குத் தெரிந்து அதை நிஜமாகத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு தடவைதான். புள்ளி தெற்கே, ஃபிரையர்ஸ் பாறைகள் பக்கம் விழுந்தது. இருந்த படகெல்லாம் தெற்கே போயின. ஹெலிகாப்டரும் தெற்கேதான் சுற்றியது. இருட்டும்வரை தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். அதற்குமேல் அந்தத் தண்ணீரில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. படகும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

சமூகக் கூடத்தில் உடல் இல்லாமலேயே சடங்கு நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கையில் சிப்பிக்கறி அடைத்த பேஸ்ட்ரியை வைத்துக்கொண்டு அவளிடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாச்சு, கிளெனிஸ். முதலில் சொன்னவன் ஆல்பி. அவன் சொன்னபோது அழுதுகொண்டிருந்தான்.

அவள் அந்த வாக்கியத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். கடையில் யாராவது பேச்செடுத்தால் அவளே அதைச் சொல்லி முடித்துவிடுவாள். ஒருமுறை என்னிடம், "நான் தூங்குறதே அந்த ஒரு வாக்கியத்தாலதான், நெவில்" என்றாள்.

வாரிக்கின் கணினி அதே மூலையில் இருந்தது, திரைமேல் ஒரு பாத்திரம் துடைக்கும் துணியோடு. அகற்ற முடியாது, மென்பொருள் வேறு எந்தக் கணினியிலும் சரியாக பில்டு ஆகவில்லை. கிளெனிஸின் பக்கம் எவ்வளவு திருத்தினாலும் எங்கேயோ ஒரு படி விட்டுப்போனது. வாரிக் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு போன படி. அவனுக்குப் பின் நிரலைப் பார்த்துக்கொள்ள வந்த மர்டோ திருத்தங்களை அந்தக் கணினிக்குத்தான் கொண்டுபோய்ப் போடுவான். நாலு மணிக்கு விசிறி எழும்பும், துணி லேசாக அசையும், "முடிஞ்சுது. கெட்டிலப் போடு, கிளென்." முதல் வருஷம் அந்த நேரத்துக்கு நான் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன். கிளெனிஸ் போகவில்லை. நிறுத்திவிடலாமா என்று மர்டோ கேட்டதற்கு, "அது உன்னை என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய் கெட்டிலைப் போட்டாள்.

தொலைபேசியை எடுப்பது என் வேலை. மென்பொருள் எங்காவது தடுக்கி விழுந்தால், எந்தக் கோப்பில் விழுந்தது என்று முழு முகவரியைத் திரையில் காட்டும். பில்டு ஆன கணினியின் முகவரி அது, அதனால் ஒவ்வொரு பிழையிலும் முதல் சொல்லாக வாரிக்கின் பெயர் இருக்கும். "என்னப்பா, உங்க வாரிக் மறுபடி பேசுறாரு" என்று டோவர், ஸ்ட்ராஹன் மீட்பு நிலையங்களிலிருந்து கூப்பிடுவார்கள். அவன் செத்தது தெரியாதவர்களும் அதில் உண்டு. நான் கோப்பின் பெயரை மட்டும் குறித்துக்கொள்வேன்.

பிறகு இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. வாரிக்கின் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அது போனால் எல்லாம் போனது. அதே சமயம் மீட்பு நிலையங்களுக்குப் புதுக் கணினிகள் வந்தன, எங்கள் பழைய மென்பொருள் அவற்றில் ஓடவில்லை. புதிதாக பில்டு செய்து கொடுங்கள், அதோடு உங்கள் அலுவலகம் இல்லாவிட்டாலும் எங்கள் ஆள் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தானே பில்டு செய்ய முடிய வேண்டும், இல்லையென்றால் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவோம் என்றார்கள். நியாயமான பேச்சு.

கிளெனிஸ் அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினாள். கம்பைலரின் எந்தப் பதிப்பு, எந்த வரிசையில், எது விடுபட்டால் என்ன பிழை வரும் என்று எல்லாம். ஒரு காலையில், சுத்தமாக அழித்த கணினியில், பக்கத்தை மட்டும் பார்த்து மர்டோ பில்டு செய்தான். ஒரு பிழை கூட இல்லை. திரையில் கடைசி வரி வந்து நின்றது. யாரும் கெட்டிலைப் போடச் சொல்லவில்லை. 

பில்டு ஆனதும் சோதனைக்கு அவள் எப்போதும் ஒரே எண்களைத்தான் போடுவாள். வாரிக் போன அன்றைய காற்று, அன்றைய நீரோட்டம். மனப்பாடமாகத் தெரிந்த எண்கள், விடையும் தெரியும்: ஃபிரையர்ஸ். புதுக் கணினியில் போட்டாள். புள்ளி வடகிழக்கே போய், புயல் குடா என்னும் பெரிய விரிகுடாவைத் தாண்டி, ரவுல் முனைக்கு வெளியே விழுந்தது.

"பக்கத்துல நான் எதையோ விட்டுட்டேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்கத் தன் தப்பைத் தேடினாள். சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் இரண்டு கணினிகளின் அமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வாரிக்கின் கணினியில் ஒன்று கூடுதலாக இருப்பதை மர்டோ பார்த்தான். கம்பைலர் ஒரு துணைக் கோப்பைத் தேடும்போது எந்த அடைவில், அதாவது எந்த ஃபோல்டரில், முதலில் பார்க்க வேண்டும் என்று கணினியிடமே சொல்லி வைக்கலாம். வாரிக் அப்படி ஒரு பழைய அடைவைச் சொல்லி வைத்திருந்தான். உள்ளே ஒரே ஒரு கோப்பு. கவிழ்ந்த சிறுபடகைக் காற்று எவ்வளவு தள்ளும் என்ற எண் அதில் இருந்தது. பக்கத்திலேயே வாரிக்கின் குறிப்பு: சும்மா பாதி போட்டிருக்கிறேன், பிறகு எடுக்க வேண்டும்.

சரியான எண் நிரலின் சொந்த அடைவிலேயே இருந்தது. ஒரு பழைய படகைக் கவிழ்த்துப் போட்டு விரிகுடாவில் மிதக்கவிட்டு, வாரிக்கே அளந்து எழுதியது. ஆனால் அவன் கணினியில் கம்பைலர் அதுவரை போனதே இல்லை. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. காற்றின் தள்ளல் பாதியானதும், தெற்கே போகும் நீரோட்டம்தான் புள்ளியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"அத எடுத்துட்டு, அவன் மெஷின்லயே பில்டு பண்ணு" என்றாள் கிளெனிஸ்.

"டிஸ்க் தாங்காது, கிளெனிஸ்."

"பண்ணு, மர்டோ."

செய்தான். விசிறி எழும்பியது. டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே ஓடியது. பிறகு மூலையிலிருந்து, நன்றாக, சிரிப்போடு வாரிக் சொன்னான்: "முடிஞ்சுது. கெட்டிலப் போடு, கிளென்."

கிளெனிஸ் நின்றபடியே எண்களைப் போட்டாள். புள்ளி ரவுல் முனைக்கு வெளியே விழுந்தது.

அன்று அவள் கெட்டிலைப் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், யாரும் சோதனை செய்யாதபோதும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆல்பி எல்லாரையும் தெற்க அனுப்பினான்" என்றாள். "இவன் வடக்க இருந்திருக்கான். கையை ஆட்டிக்கிட்டு."

நான் பயந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தன்னைத் தேட வந்தவர்களைத் தானே வேறு பக்கம் அனுப்பிவிட்டு, தினமும் நாலு மணிக்கு டீ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் மனுஷன்.

மறுநாள் அவள் பக்கத்தில் ஒரு படியைச் சேர்த்தாள். பில்டுக்கு முன், கணினியில் இப்படி ஓர் அமைப்பு இருந்தால் நீக்கவும். அதற்குக் கீழே 'ஏன்' என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள். அடுத்த நாள் அந்தப் பக்கத்தைச் சோதிக்க மீட்பு நிலையம் ஆளை அனுப்புவதாக இருந்தது. எங்களில் பக்கத்தைப் பார்க்காத ஆளே மிச்சமில்லை, அவர்கள் ஆள்தான் வர வேண்டும். அவர்கள் அனுப்புவது ஆல்பியை.

"இந்தப் படியே வேண்டாமே" என்றேன். "புது மெஷின்ல அந்த அமைப்புதான் இல்லையே."

"இல்லையா? போன மாசம் மர்டோ என்ன பண்ணான்? வாரிக்கோட அமைப்ப மொத்தமா நகல் எடுத்துத் தன் மெஷின்ல போட்டான். டோவர்ல போட்டிருக்காங்க. எங்க பில்டு ஆகலேன்னாலும் அதைத்தானே எல்லாரும் பண்றீங்க?"

உண்மை. எங்கள் ஊர் வைத்தியம் அதுதான்.

"சரி, படி இருக்கட்டும். ஏன்னு எழுதாத. ஆல்பி பாவம், கிளெனிஸ். அவனுக்கு இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

"அவனும் பாவம். அடுத்து கவிழப் போற ஆளும் பாவம்." கொஞ்சம் பொறுத்து, "ஏன்னு இல்லாத படிய தாண்டிருவாங்க, நெவில்" என்றாள். இந்த முறை அதில் கேலி இல்லை.

ஆல்பி ஒரு பையில் சிங்கி இறாலோடு வந்தான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவருவான், இந்த முறை காரணமில்லாமல் கொண்டுவந்தான். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான்.

"எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது, சொல்லிட்டேன்."

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டது" என்றாள் கிளெனிஸ். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைகளை அடியில் வைத்துக்கொண்டாள். அவனிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளால் முடியவில்லை என்று தெரிந்தது. பக்கம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆல்பி உரக்கப் படித்தான். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தான். பயனர் பெயருக்கான படியில் நெவிலைக் கேட்கவும் என்று வந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "உன் அழகு இதுலயும் ஏறிருச்சா?" என்றான். கம்பைலரை நிறுவினான். கோப்புகளை வைத்தான். தப்பே செய்யவில்லை; அவ்வளவு நல்ல பக்கம் அது. பிறகு அந்தப் படிக்கு வந்தான்.

"இப்படி ஓர் அமைப்பு இருந்தால் நீக்கவும். இல்லை, இங்க இல்ல. சரி. ஏன்: இது இருந்தால் காற்றின் தள்ளல் பாதியாகக் கணக்கிடப்படும். கவிழ்ந்த சிறுபடகைப் பிடித்திருக்கும் ஆள் வடக்கே போயிருக்க, நாம் தெற்கே தேடுவோம்." அடுத்த வாக்கியம் சின்னது. அதையும் அதே குரலில் படித்தான். "ஒரு முறை தேடினோம்."

விரல் அந்த இடத்திலேயே நின்றது. கீழே கடையில் யாரோ சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது. சோதனை நடக்கும்போது எழுதியவள் பேசக்கூடாது.

ஆல்பி கண்ணாடியைக் கழற்றினான். "பட்டனை அமுக்கினது நான்தானே" என்றான்.

கிளெனிஸ் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை. அதை அவன் முழங்கைமேல் வைத்தாள்.

"நீ சரியாத்தான் அமுக்கின, ஆல்பி. நான் எழுதின பக்கத்துலயும் தப்பில்ல. மீதியையும் படி."

அவன் படித்தான். ஒரு வரியையும் விடவில்லை. பில்டு சத்தமில்லாமல் முடிந்தது. கடைசிப் படியில் அந்த எண்களைப் போட்டான். அவனுக்கும் அவை மனப்பாடம் என்பதை அன்றுதான் பார்த்தேன், பக்கத்தைப் பார்க்காமலே போட்டான். புள்ளி விழுந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தான். கிளெனிஸ் எழுந்து போய் கெட்டிலைப் போட்டாள்.

"நாளைக்குக் காத்து குறைவாத்தான் இருக்கும்" என்றான் ஆல்பி, அவள் முதுகைப் பார்த்து.

மறுநாள் ஆல்பியின் அலுமினியப் படகில் மூன்று பேரும் போனோம். அங்கே ஒன்றும் இருக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். ரவுல் முனையின் பாறைத் தூண்களைத் தாண்டி, திரையில் பார்த்த இடத்துக்கு வந்ததும் ஆல்பி இன்ஜினை அணைத்தான். கிளெனிஸ் எழுந்து நின்று, படகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாக, ஒரு இடம் விடாமல் பார்த்தாள். ஆல்பியும் பார்த்தான். தேடுகிறவர்கள் பார்க்கும் விதமாகவே, ஒரு அலையிலிருந்து அடுத்த அலைக்குக் கண்ணை நகர்த்திப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

வெயில் மேற்கே சாயும்வரை அப்படியே இருந்தோம். பிறகு கிளெனிஸ் உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் மடியின்மேல் இருந்தன.

"தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாச்சு, ஆல்பி" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.